டோடோவை மீண்டும் பிறப்பிக்க வேண்டுமா? மொரிசியஸ் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

அழிந்துபோன விலங்குகளை அறிவியலின் துணையால் மீட்டெடுக்கலாம் என்ற பேச்சு உலகெங்கும் உள்ளது. ஆனால் அரசுச் சின்னத்திலேயே டோடோ என்னும் அழிந்துபோன பறவையைத் தாங்கி நிற்கும் நம் தீவில் அது வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. தமிழ் வகுப்புகளில் பிள்ளைகளும், அவர்களை அழைத்துச் செல்ல வரும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை மறைக்க விரும்பவில்லை: இன்றைய நிலையில் டோடோவைப் பிறப்பிக்கும் முயற்சியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த முயற்சிக்காக உருவாகும் நுட்பங்களை, இன்னும் உயிரோடிருக்கும் நம் பறவைகளுக்குப் பயன்படுத்துவதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

டோடோவைத் திரும்பக் கொண்டுவரப் போவதாகச் சொல்வது யார்?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள கொலாசல் பயோசயின்சஸ் என்னும் தனியார் நிறுவனம். 2021இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், மாமூத் யானையையும் டாஸ்மேனியப் புலியையும் மீட்கப்போவதாக அறிவித்த பிறகு, 2023 ஜனவரியில் டோடோவையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில், 1984 முதல் நம் தீவின் அரிய உயிரினங்களைக் காத்துவரும் மொரிசியஸ் வனவுயிர் அறக்கட்டளையோடு இணைந்து செயல்படப் போவதாகவும் அறிவித்தது. டோடோவின் மரபுத்தொகுதி (மரபணுக்கள் அடங்கிய முழுத் தொகுப்பு) முழுவதும் படிக்கப்பட்டுவிட்டதாக 2022இல் தெரிவித்த பெத் ஷப்பிரோ என்ற அறிவியலாளர் இப்பணியின் முன்னணியில் இருக்கிறார். டோடோவின் மரபுப்பொருளை (டிஎன்ஏ) அவர் ஆராயத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்பதால், இதை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று.

குளோனிங் முறையில் டோடோவை உருவாக்க முடியுமா?

முடியாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

குளோனிங் செய்வதற்கு உயிருள்ள செல், அல்லது கெடாமல் உறையவைக்கப்பட்ட செல் தேவை. அந்தச் செல்லின் உட்கருவை எடுத்து, தன் உட்கரு நீக்கப்பட்ட ஒரு சினைமுட்டைக்குள் செலுத்தி, அதை ஒரு வாடகைத்தாயின் வயிற்றில் வளர்க்கிறார்கள். 1996இல் ஸ்காட்லாந்தில் பிறந்த டாலி என்ற செம்மறியாடு அவ்வாறு உருவானதுதான். 277 முறை உட்கரு மாற்றிப் பார்த்ததில் உயிரோடு பிறந்தது டாலி ஒன்றே. டோடோவின் செல் எதையும் எவரும் உறையவைத்துப் பாதுகாக்கவில்லை. பலரும் ஏற்றுக்கொள்ளும் கடைசிப் பதிவின்படி, உயிருள்ள டோடோவை மனிதர் கண்டது 1662இல். எஞ்சியிருப்பவை பெரும்பாலும் எலும்புகள். அவற்றோடு ஆக்ஸ்ஃபர்டில் தோல் ஒட்டிய ஒரு தலையும் இருக்கிறது. இறந்த உடலின் மரபுப்பொருள் காலப்போக்கில் துண்டு துண்டாக உடைந்துவிடும். நம்முடையதைப் போன்ற வெப்பமான, ஈரமான நிலத்தில் இன்னும் விரைவாகச் சிதையும்.

இரண்டாவது காரணம், டோடோ ஒரு பறவை என்பதே. பறவையின் சினைமுட்டை பெரிய மஞ்சள் கருவோடு இருப்பதால், அதில் உட்கரு இருக்கும் இடத்தைக் கண்டு அதை அகற்றுவது மிகக் கடினம். மேலும் முட்டை தாயின் உடலுக்குள் இறங்கிவரும்போதே கரு வளரத் தொடங்கி, மேலே ஓடும் மூடிக்கொள்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் செய்ததைப் பறவைக்குச் செய்து வெற்றி கண்டவர் இதுவரை எவருமில்லை.

ஆகவே வேறு வழியில் முயல்கிறார்கள். டோடோவும் புறா இனத்தைச் சேர்ந்ததே. இன்று வாழும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா. அந்தப் புறாவின் கருவிலிருந்து, பின்னாளில் விந்தாகவும் முட்டையாகவும் மாறவிருக்கும் முதனிலைச் செல்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் மரபணுக்களில் டோடோவுக்கு உரிய மாற்றங்களைச் செய்து, அவற்றை ஒரு கோழியின் கருவுக்குள் செலுத்துவது திட்டம். அந்தக் கோழிகள் வளர்ந்து இணைசேரும்போது பிறப்பது கோழிக்குஞ்சாக இல்லாமல் மாற்றப்பட்ட புறாக்குஞ்சாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். 2025 செப்டம்பரில், மாடப்புறாவின் முதனிலைச் செல்களை ஆய்வகத்தில் வளர்க்க முடிந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. அது உண்மையான முன்னேற்றம். ஆனால் நெடும்பயணத்தின் தொடக்கப் படிதான்.

அப்படிப் பிறப்பது டோடோவா?

என் கருத்தில், இல்லை. நைந்துபோன ஓர் ஏட்டுச்சுவடியின் கிழிசல்களை, அதே நூலின் தொலைதூரக் கிளைப்பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு நிரப்புவதைப் போன்றது இந்த வேலை. டோடோவின் முன்னோரும் நிக்கோபார் புறாவின் முன்னோரும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டனர். ஒன்று ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில், பத்துக் கிலோவுக்கு மேல் எடையோடு நிலத்தில் நடந்த பறவை. மற்றொன்று அரைக்கிலோ எடையோடு தீவுக்குத் தீவு பறக்கும் பறவை. இரண்டின் மரபுத்தொகுதிகளுக்கும் இடையே உள்ள எல்லா வேறுபாடுகளையும் மாற்ற இன்றைய நுட்பத்தால் இயலாது. முக்கியமென்று கருதும் சிலவற்றை மட்டுமே தேர்ந்தெடுத்து மாற்றுவார்கள்.

இதே நிறுவனம் 2025 ஏப்ரலில், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னர் அழிந்த கொடு ஓநாயை மீட்டுவிட்டதாக அறிவித்து மூன்று குட்டிகளைக் காட்டியது. உண்மையில் அவை, 14 மரபணுக்களில் 20 மாற்றங்கள் செய்யப்பட்ட சாம்பல் நிற ஓநாய்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நாயின வல்லுநர்கள் அவற்றைக் கொடு ஓநாய்களாக ஏற்க மறுத்தார்கள். இத்தகைய உயிர்களை அழிந்த இனத்தின் பதிலி என்றே கொள்ள வேண்டும் என்பது அவ்வொன்றியம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் அடிப்படை.

டோடோவுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. பிறந்தது சரியாக அமைந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க நமக்குப் போதிய சான்றே இல்லை. அது எப்படி ஒலி எழுப்பியது, எப்படி இணை தேடியது என்பவற்றைப் பற்றி நம்பத்தக்க குறிப்புகள் மிகக் குறைவு. அதன் நிறத்தைக்கூட ஓவியங்களைக் கொண்டே ஊகிக்கிறோம். அவற்றுள் நம்பகமானதாகப் பலரும் கருதுவது, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முகலாய அரசவை ஓவியர் மன்சூர் வரைந்ததாகச் சொல்லப்படும் படம். நம் முன்னோர்கள் கடல் கடந்து இத்தீவுக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, இத்தீவின் பறவை இந்தியாவுக்குப் போயிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி.

அழிந்த இனம் ஏதாவது இதுவரை உயிரோடு திரும்பியிருக்கிறதா?

ஒரே ஓர் இனம், சில நிமிடங்களுக்கு மட்டும். ஸ்பெயின் நாட்டுப் பிரனீஸ் மலையில் வாழ்ந்த புகார்தோ என்னும் காட்டாட்டு வகையின் கடைசிப் பெண் ஆடு 2000 ஜனவரியில், மரம் ஒன்று மேலே விழுந்து இறந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அதன் செல்களை எடுத்து உறையவைத்திருந்தார்கள். அவற்றைக் கொண்டு பல முறை முயன்றதில், 2003 ஜூலையில் ஒரு குட்டி உயிரோடு பிறந்தது. நுரையீரல் குறைபாட்டால் மூச்சுவிட முடியாமல் பிறந்த சில நிமிடங்களிலேயே அது இறந்துபோனது. ஒருவேளை அது பிழைத்திருந்தாலும் இனம் மீண்டிருக்காது. கையில் இருந்தவை ஒரு பெண் ஆட்டின் செல்கள் மட்டுமே, இணைசேர ஆண் கிடையாது.

டைனோசரை உருவாக்க முடியுமா?

பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. முடியாது. இதுவரை படிக்கப்பட்ட மிகப் பழைய மரபுப்பொருள், கிரீன்லாந்தின் உறைமண்ணில் கிடைத்த ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுப் பழமையானது. டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

டோடோ ஏன் அழிந்தது? அந்தக் காரணங்கள் இன்று நீங்கிவிட்டனவா?

எனக்கு இந்தக் கேள்வியே எல்லாவற்றிலும் முதன்மையானதாகத் தோன்றுகிறது.

டச்சு மாலுமிகள் 1598இல் இத்தீவில் இறங்கியபோது, பறக்காத, மனிதரைக் கண்டு அஞ்சாத இப்பறவை எளிதாக அவர்கள் கையில் அகப்பட்டது என்பதும், அவர்கள் அதைக் கொன்று தின்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் அன்று இங்கே தங்கியிருந்த மனிதர் மிகச் சிலரே; காடோ பரந்து கிடந்தது. வேட்டையைவிடப் பெரிய கேட்டைச் செய்தவை கப்பல்களோடு வந்த எலி, பன்றி, குரங்கு முதலியன. தரையில் கூடு கட்டி, ஒரே ஒரு முட்டையிட்ட பறவைக்கு, முட்டை தின்னும் விலங்குகளிடமிருந்து தப்பும் வழி தெரியவில்லை. அப்படிப்பட்ட பகையை அது அதுவரை சந்தித்ததே இல்லை.

இன்று எலி போயிற்றா? கிராண்ட் பாசென் குளக்கரையில் வழிபடப் போகிறவர்கள் அங்கே குரங்குகளின் கூட்டத்தைப் பார்க்கிறார்கள். காட்டுப்பன்றியும், 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மானும் இன்னும் காடுகளில் திரிகின்றன. பின்னர் வந்த கீரியும் பூனையும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. நல்ல நிலையில் எஞ்சியுள்ள பழைய காடு தீவின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. நாம் குடும்பத்தோடு போய்ப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டு மகிழ்ந்து உண்ணும் சீனக் கொய்யாகூட வெளியிலிருந்து வந்த செடிதான். அது அடர்ந்து படர்ந்து, கருங்காலி முதலிய நம் தீவுக்கே உரிய மரங்களின் கன்றுகளை மேலெழ விடாமல் மூடிவிடுகிறது. டோடோவை அழித்த காரணங்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருக்க, அவற்றோடு புதியவையும் சேர்ந்திருக்கும்போது, அதே நிலத்தில் அப்பறவையை மீண்டும் இறக்கிவிடுவது இரண்டாம் முறை அதைக் கொல்வதாகவே முடியும்.

அப்படியானால் சிறு தீவு ஒன்றில் விடலாமே?

அதைத்தான் பலரும் முன்மொழிகிறார்கள். மாயிபூர்க் கரைக்கு அருகே உள்ள, 26 ஹெக்டேர் பரப்புள்ள ஈல் ஓ எக்ரேத் தீவில் எலியும் பூனையும் அகற்றப்பட்டு, அந்நியச் செடிகள் களையப்பட்டு, பழைய கடலோரக் காடு பொறுமையாக மீட்கப்பட்டு வருகிறது. அந்தத் தீவு நமக்குக் கற்பிக்கும் பாடம் டோடோவைப் பற்றிய கேள்விக்கும் நேராகப் பொருந்துகிறது. நம் தீவுக்கே உரிய பெரிய நிலஆமைகள் மனிதர் வந்தபின் அழிந்துவிட்டன. அவை தின்று பரப்பிய விதைகளைப் பரப்ப ஆளில்லாமல், கருங்காலி மரத்தின் கன்றுகள் தாய்மரத்தின் அடியிலேயே முளைத்து நின்றுவிட்டன. அழிந்த ஆமையை ஆய்வகத்தில் உருவாக்க யாரும் முயலவில்லை. உயிரோடிருக்கும் உறவினமான அல்டாப்ரா ஆமையை 2000ஆம் ஆண்டு முதல் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவை பழங்களைத் தின்று, தீவின் பல பகுதிகளிலும் எச்சத்தோடு விதைகளை இட, கருங்காலிக் கன்றுகள் புதிய இடங்களில் முளைத்தன. அழிந்த இனத்தின் வேலையைச் செய்ய ஒரு பதிலி வேண்டுமென்றால், அது ஏற்கெனவே நம்மிடம் நடந்து திரிகிறது.

அத்தகைய சிறு தீவில் சில டோடோக்களை விட்டால், அவை வேலியில்லாத காட்சிச்சாலையில் இருப்பதற்கு ஒப்பாகும். 2020 ஜூலையில் வக்காஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளத்திட்டில் மோதி, கொட்டிய எண்ணெய் இதே ஈல் ஓ எக்ரேத் கரையைக் கருமையாக்கியது. அங்கிருந்த அரிய செடிகளையும் சில விலங்குகளையும் அவசரமாக வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஓர் இனத்தின் முழு எதிர்காலத்தையும் அப்படிப்பட்ட ஒரே இடத்தில் வைப்பது துணிச்சல் அன்று.

டோடோ இல்லாததால் தம்பலகோக் மரம் முளைக்கவில்லை என்று பள்ளியில் படித்தோமே?

1977இல் ஓர் அறிவியலாளர் அப்படி ஒரு கருத்தை முன்வைத்தார். அது உலகெங்கும் பாடநூல்களில் ஏறிவிட்டது. ஆனால் டோடோ அழிந்து நெடுங்காலத்துக்குப் பின் முளைத்த மரங்களும் காட்டில் உள்ளன. விதை டோடோவின் இரைப்பை வழியே போகாமலும் முளைக்கிறது. அக்கருத்தை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. டோடோ வந்தால்தான் காடு பிழைக்கும் என்ற வாதத்துக்கு இந்த மரத்தைச் சான்றாகக் காட்ட முடியாது.

மனிதர் அழித்ததை மனிதரே மீட்டுத் தருவது நம் கடமையல்லவா?

இக்கேள்வியைக் கேட்பவர்களின் மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். செய்த பிழைக்கு ஈடு செய்ய வேண்டும் என்ற உணர்வு நல்ல உணர்வு. ஆனால் ஈடு யாருக்குச் செய்யப்படுகிறது என்று பார்க்க வேண்டும். இறந்த டோடோக்களுக்கு எதுவும் போய்ச் சேராது. பிறக்கப்போவது அவற்றின் வழித்தோன்றலும் அன்று.

கடமை என்று பேசினால், அது நம் கண்முன் இருப்பவற்றிடமிருந்து தொடங்க வேண்டும். மரங்களின் மகரந்தத்தையும் விதைகளையும் பரப்பும் நம் தீவின் பழந்தின்னி வௌவால், லெச்சியையும் மாம்பழத்தையும் தின்கிறது என்பதற்காக 2015 முதல் அரசின் ஆணைப்படியே பல்லாயிரக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டது. 2018இல் அது அழியும் நிலையில் உள்ள இனம் என்று உலகப் பட்டியலில் வகைப்படுத்தப்பட்டது. பழத்தோட்டம் வைத்திருப்பவர்களின் இழப்பு உண்மையானது. மரங்களுக்கு வலை போர்த்த அவர்களுக்கு உதவ வேண்டும். ஆனால் ஒரு கையால் வௌவாலைச் சுட்டுக்கொண்டே, மறுகையால் டோடோவைப் பிறப்பித்துப் பரிகாரம் செய்ததாக நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

இது இறைவனின் படைப்பில் தலையிடுவதாகாதா?

ஒவ்வொருவரும் தம் நம்பிக்கைக்கு ஏற்ப முடிவு செய்ய வேண்டியது இது. என் எண்ணத்தை மட்டும் சொல்கிறேன்: நோய் தீர்ப்பதும் ஒட்டுமரம் கட்டுவதும் தலையீடுதான், தலையீடு என்பதாலேயே ஒன்று தவறாகிவிடாது. அதனால் ஓர் உயிருக்குத் துன்பம் விளையுமா, அதைத் தாங்கும் பொறுப்பு யாருடையது என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

பிறக்கும் பறவைக்குத் துன்பம் உண்டா?

உண்டு என்றே அஞ்சுகிறேன். மரபணு மாற்றம் செய்த கருக்களில் பல வளராமலே அழியும். குறைபாட்டோடு பிறப்பவையும் இருக்கும். புகார்தோ குட்டியின் முடிவை மேலே பார்த்தோம். புறா இனங்கள் தம் குஞ்சுகளுக்குத் தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டி வளர்ப்பவை; கோழிக்கு அந்தப் பால் இல்லை. பிறக்கும் குஞ்சை மனிதரே ஊட்டி வளர்க்க நேரும். எதைத் தின்பது, எங்கே ஒதுங்குவது, புயலில் என்ன செய்வது என்று காட்டித்தர அதற்குத் தன் இனத்தில் மூத்த பறவை ஒன்றுகூட இருக்காது.

சுற்றுலாவும் வேலைவாய்ப்பும் பெருகாதா?

பெருகலாம். ஆனால் பணம் போடும் தனியார் முதலீட்டாளர்கள் ஆதாயத்தை எதிர்பார்ப்பார்கள். பறவை யாருக்குச் சொந்தம், அது நோயுற்றால் செலவு யாருடையது, திட்டம் கைவிடப்பட்டால் மிஞ்சும் பறவைகளை யார் பார்த்துக்கொள்வது என்பவை எழுத்தில் முடிவாகாமல், நம் நாட்டின் பெயரையும் சின்னத்தையும் எவருக்கும் கொடுத்துவிடக் கூடாது.

அப்படியானால் இந்த ஆராய்ச்சியே வேண்டாமா?

கண்டிப்பாக வேண்டும்; நோக்கம்தான் மாற வேண்டும். மொரிசியஸ் வல்லூறு 1974இல் காட்டில் நான்கே நான்கு பறவைகளாகக் குறைந்திருந்தது. இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் ஏறத்தாழ பத்தாகச் சுருங்கியிருந்தது. எக்கோ கிளியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. கார்ல் ஜோன்ஸ் என்ற அறிவியலாளரும் அவரோடு உழைத்த நம் நாட்டவரும் கூடுகளைக் காவல் காத்து, முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, உணவு வைத்து, எலிகளை ஒழித்து இம்மூன்று இனங்களையும் நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். குளோனிங் எதுவும் இல்லாமல் சாவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்ட பறவைகள் இவை. உலகமே நம் தீவிடம் பாடம் கேட்க வந்த சாதனை இது. டோடோவின் படத்தைவிடப் பெரிதாக இவற்றின் படங்கள் நம் பள்ளிச் சுவர்களில் இருக்க வேண்டும்.

ஆனால் அந்த வெற்றியில் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. ஒரு சில பறவைகளின் வழியில் வந்தவை என்பதால், இளஞ்சிவப்புப் புறாக்களின் மரபுவளம் மிகவும் குறுகிவிட்டது. எண்ணிக்கை கூடினாலும் தீய மரபணுக்கள் அவற்றுள் தங்கிவிட்டன. இங்கேதான் புதிய நுட்பம் உதவும். அமெரிக்காவின் கருங்கால் மரநாய்கள் அனைத்தும் ஏழே விலங்குகளின் வழிவந்தவை. 1988இல் இறந்த ஒரு மரநாயின் உறைந்த செல்லிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் என்ற குட்டியைக் குளோனிங் முறையில் பிறக்கச் செய்தார்கள். அதே செல்வழியில் பிறந்த மற்றொரு மரநாய் 2024இல் குட்டிகளை ஈன்றது. இழந்த மரபுவளம் இவ்வாறு உயிருள்ள கூட்டத்துக்குள் திரும்பியது. டோடோவுக்காகப் புறாவின் முதனிலைச் செல்களை வளர்க்கக் கற்றுக்கொள்பவர்கள், அதே திறனால் இளஞ்சிவப்புப் புறாவின் செல்களைச் சேமித்துவைத்து, அதன் பழைய மரபுவளத்தை ஒரு நாள் திருப்பித் தரலாம். அந்தப் பணிக்கு நம் பல்கலைக்கழக மாணவர்கள் பயிற்சி பெற வேண்டும் என்பது என் பெரும் விருப்பம்.

பிள்ளைகளை எங்கே அழைத்துப்போய் இவற்றைக் காட்டலாம்?

போர்ட் லூயியின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள டோடோ எலும்புக்கூடு மிக அரியது. முடிதிருத்தும் தொழில் செய்த எத்தியேன் திரியு என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுத்த அது, ஒரே பறவையின் எலும்புகளாலான, ஏறத்தாழ முழுமையான எலும்புக்கூடு. மற்ற இடங்களில் இருப்பவை பெரும்பாலும் விமான நிலையத்துக்கு அருகே உள்ள மார் ஓ சோஞ் சதுப்பில் கிடைத்த பல பறவைகளின் எலும்புகளைச் சேர்த்துக் கட்டியவை. போவதற்கு முன் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. உயிருள்ளவற்றைக் காண ஈல் ஓ எக்ரேத்துக்குப் போங்கள்; புவாந்த் ஜெரோமிலிருந்து படகு கிளம்புகிறது, வழிகாட்டி உடன் வருவார். இளஞ்சிவப்புப் புறா எங்கே அமர்ந்திருக்கிறது என்று அவரைக் கேளுங்கள். ஆமையின் எச்சத்திலிருந்து முளைத்த கருங்காலிக் கன்றையும் காட்டச் சொல்லுங்கள்.